கோடையும் புழக்கடையும் எங்கள் வீட்டுப் பூனைகளும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

கோடை விடுமுறை என்றதும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் உண்டு. ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி கண்டு வந்து, கல்லூரி திறந்த முதல் வாரம் முழுவதும் கதை சொல்வோரும் உண்டு. என்னைப் போன்றோர்க்குக் கோடை என்றால் சொந்த ஊர், சொந்த வீடு, வீட்டு வேலை, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதற்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைக் கடந்த 2025-ஆம் ஆண்டுக் கோடை எனக்குக் காட்டியது. அதையே இங்கு எழுத விழைகிறேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கணியம்பாடியைக் கடந்தால் வருவது எங்கள் கண்ணமங்கலம். ஆரணி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. காட்பாடி – விழுப்புரம் இருப்புப்பாதையில் எங்கள் ஊருக்கும் ஒரு சிறு நிலையம் உண்டு; மீட்டர் பாதையாக இருந்த அது 2010-இல் அகலப் பாதையாயிற்று. மேற்கே ஜவ்வாது மலை. அம்மலையில் பிறந்து அமிர்திக் காட்டின் வழியே இறங்கி வரும் நாகநதி, மழைக்காலத்தில் ஆறு. கோடையில் வெறும் மணற்பாதை. மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயிலில் பகலெல்லாம் மலைப்பாறை வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரவெல்லாம் அதை எங்களுக்குத் திருப்பித் தரும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அதற்கு நாங்களும் பங்காளிகளே.

எங்களுடையது ஓட்டு வீடு. முன்னால் தாழ்வாரம், பின்னால் புழக்கடை. புழக்கடையில் ஒரு நாட்டு மாமரம், இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, துவைகல்லை ஒட்டி ஐந்தாறு வாழை, வேலியோரம் கனகாம்பரம், கிணற்றடியில் கறிவேப்பிலை. இதைத் தோட்டம் என்று யாரும் எங்கள் வீட்டில் சொல்வதில்லை. ஆயினும் குழம்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

விடியற்காலை நான்கரை மணிக்கே அம்மா எழுந்துவிடுவார். வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்விடுவதால், நல்ல தண்ணீர் செடிக்குக் கிடையாது. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு. குளித்த நீர் முருங்கைக்கு. எந்த நீர் எந்த மரத்துக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். பகலில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். பிறகு வற்றல் காய வைத்துக் காக்கைக்குக் காவல் இருப்பது. மாலையில் மாம்பிஞ்சு பொறுக்குவது. இப்படி நாள் கழியும்.

இந்தப் புழக்கடையில் எங்களைத் தவிர வேறு குடித்தனக்காரர்களும் உண்டு. மாமரத்தில் அணில், வேலிக்குள் கீரி, வீட்டுச் சுவரடியில் எலி, எல்லா இடத்திலும் பூனை. தமிழாசிரியர் வகுப்பில் தொல்காப்பியத்தின் மரபியலை நடத்தியபோது எனக்கு எங்கள் புழக்கடைதான் நினைவுக்கு வந்தது. எந்த விலங்கின் இளமைக்கு எப்பெயர் என்று வகுக்கும் அவ்வியலில், கீரியாகிய மூங்கா, வெருகாகிய பூனை, எலி, மூவரி அணில் ஆகிய நான்கையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, அவற்றின் இளமைக்குக் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்கிறார் தொல்காப்பியர். நான்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் உள்ளவை! அதிலும் ‘மூவரி’ என்ற அடைமொழியைப் பாருங்கள். தென்னிந்திய அணிலுக்கு முதுகில் மூன்று வரிகள். வட இந்தியாவில் பரவலாகக் காணும் அணிலுக்கு ஐந்து வரிகள். விலங்கியலார் இவ்விரண்டையும் வெவ்வேறு இனங்களாகவே பிரித்திருக்கின்றனர். வரியை எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர்.

இனிப் பூனைகளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. ஒன்று செவலை நிறக் கடுவன். மற்றொன்று சாம்பல் நிறப் பெட்டை, மார்பில் மட்டும் வெள்ளை. பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. அம்மா நிறத்தைச் சொல்லிச் “செவலை” என்றும் “சாம்பல்” என்றும் அழைப்பார். கோடையில் வீட்டிலேயே குளிர்ந்த இடம் எது என்று அறிய வேண்டுமானால் பூனையைத் தேடினால் போதும். தண்ணீர்ப் பானை வைத்த ஈர மணல்மேல் வயிறு படப் படுத்திருக்கும். பூனைக்கு உள்ளங்காலில்தான் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆகவே உடம்பை நக்கி ஈரமாக்கியும், குளிர்ந்த தரையில் ஒட்டிக் கிடந்தும் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

பங்குனி மாதத்தில், நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, செவலை இறந்துவிட்டதாகத் தம்பி தொலைபேசியில் சொன்னான். இரண்டு நாள் எதுவும் தின்னாமல் கட்டிலடியில் சுருண்டு கிடந்ததாம். ஈறு வெளுத்திருந்ததாம். மூக்கில் இரத்தம் கசிந்ததாம். மூன்றாம் நாள் காலையில் உயிர் இல்லை. நாய் கடித்திருக்கும் என்றார்கள். பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். எலுமிச்சை மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

நான் விடுமுறைக்கு வந்தபோது சாம்பல் பரண்மேல் மூன்று குட்டிகள் ஈன்றிருந்தது. இரண்டு தாயைப் போலச் சாம்பல். மூன்றாவது, கறுப்பும் செவலையும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கீழே நின்றபடியே அம்மா, “மூணு நெறம் கலந்தது பொட்டைதான்” என்றார். “எப்படிம்மா தெரியும்?” என்றேன். “எங்க அம்மா சொல்லுவாங்க. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். ஒருநாளும் தப்பினது இல்ல” என்றார்.

பிற்பாடு பார்த்தோம்; பெட்டையேதான்.

இதன் காரணத்தை நாம் மரபியல் பாடத்தில் படிக்கிறோம். செவலை நிறத்துக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஓர் எக்ஸ். ஆகவே செவலை அல்லது செவலையல்லாதது, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் அவற்றுள் ஒன்று ஓய்ந்துவிடுகிறது என்பதை மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலறிஞர் 1961-இல் விளக்கினார். எந்தச் செல்லில் எது ஓய்ந்ததோ அதற்கேற்ப உடம்பில் நிறத் திட்டுகள் அமைகின்றன. மூவண்ணக் கடுவன் மிக மிக அரிது. அதற்குப் பெரும்பாலும் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கும். அந்த மரபணு எது என்பதையே, ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் கண்டறிந்து 2025 மே மாதம் முறைப்படி வெளியிட்டார்கள் என்பதைக் கல்லூரி திறந்த பிறகு எங்கள் துறைப் பேராசிரியர் வாயிலாக அறிந்தேன். எங்கள் பரணில் குட்டிகள் இருந்த அதே மே மாதம்!

இன்னொன்றும் கணக்கிட்டுப் பார்த்தேன். தாய் சாம்பல்; அதனிடம் செவலை நிறம் இல்லை. எனவே மூவண்ணக் குட்டியின் செவலைத் திட்டு தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் வேறு செவலைக் கடுவன் கிடையாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “போறதுக்கு முன்ன நெறத்த குடுத்துட்டுப் போயிருக்குது” என்றார்.

இந்த நிலையில்தான் எலிப் பிரச்சினை வந்தது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. ஆடிப்பட்டத்தில் வேர்க்கடலை போடுவோம். அதற்கான விதைக்காய் மூன்று மூட்டை, உள்ளறையில் அடுக்கியிருந்தது. பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும் என்பதால் விதைக் கடலையைத் தோலோடுதான் வைப்பார்கள். ஒருநாள் மூட்டையைப் புரட்டியபோது அடியில் ஓட்டை. கீழே வெறும் தோல். குறைந்தது இரண்டு படிக் காய் போயிருந்தது.

படிக்கும் நண்பர்கள் இதைச் சிறிய செய்தி என்று எண்ண வேண்டாம். ஆடி மாதத்தில் விதைக் கடலையின் விலை எங்கேயோ போய்விடும். வீட்டு விதை போய்விட்டால் வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காசு, எனது விடுதிக் கட்டணத்துக்காக அப்பா ஒதுக்கி வைத்திருந்த காசு. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

மறுநாள் அப்பா கடையிலிருந்து எலி மருந்துப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். கட்டி கட்டியாக இருக்கும் மருந்து. கூடத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவ்வளவு பொடி எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. என்னிடம் நீட்டி, “இதுல இன்னா எழுதியிருக்குது, படிம்மா” என்றார்.

நான் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. என் படிப்பை நம்பி வீட்டில் ஒரு காரியம் கேட்டது அதுவே முதல் தடவை.

படித்தேன். மருந்தின் பெயர் புரோமாடியோலோன். மாற்று மருந்து என்ற இடத்தில் ‘வைட்டமின் கே1’ என்று இருந்தது. அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே தேவை என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். இந்த மருந்து அந்த வைட்டமினை உடல் மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடியாமல் தடுத்துவிடுகிறது. இரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து எலி இறக்கிறது. ஆனால் உடனே இறப்பதில்லை. பல நாட்கள் ஆகும். அந்த நாட்களில் எலி தளர்ந்து, மெல்ல நடந்து, பூனைக்கு எளிதில் அகப்படும். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும். தின்ற பூனைக்கும் அதே கதி நேரலாம்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “ஈறு வெளுத்துப் போயி, மூக்குல ரத்தம் வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். “அப்ப நம்ம செவலைக்கு வந்தது இதுதான்” என்றார்.

அதுதான் என்று உறுதி கூற இன்று சான்று எதுவுமில்லை. எங்கள் வீட்டிலும் அதற்கு முன் மருந்து வைத்ததில்லை. எங்கோ தின்ற எலியாக இருக்கலாம். ஆனால் அறிகுறிகள் அத்தனையும் அப்படியே பொருந்தின.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “காலேஜு படிக்கிற புள்ள, நீயே சொல்லு. வைக்கலாமா, வேணாமா? வெத போச்சுன்னா ஆடிக்கு நான் எங்க போறது?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அம்மா, “பரண்ல குட்டிங்க இருக்குது. தாய்க்காரி எலி புடிச்சித்தான் அதுங்களுக்குப் பால் குடுக்குது” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. திண்ணையிலிருந்த ஆயா, அதாவது அப்பாவின் தாயார், இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்: “மருந்தும் வாணாம், பூனய நம்பியும் குந்தியிருக்க வாணாம். செவுத்துல ஓட்டைய வெச்சிக்கினு எலிய குத்தம் சொன்னா ஆவுமா? மொதல்ல ஓட்டைய அடைங்க.”

ஆயாவின் சொல்லை அறிவியலும் ஆதரிக்கிறது. பூனை நம் வீட்டுக்கு வந்ததே தானியத்தைத் தேடி வந்த எலியைத் தேடித்தான் என்பர். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையின் முழு எலும்புக்கூடு கிடைத்ததை 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்துணைப் பழைய உறவு அது. எனினும் பூனைக்கும் எல்லை உண்டு. நியூயார்க் நகரில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 79 நாட்கள் படம் பிடித்தும் பூனைகள் இரண்டே இரண்டு பெரிய எலிகளைத்தான் கொன்றிருந்தன. சுண்டெலியைப் பூனை விடாது. பெருச்சாளியிடம் பெரும்பாலும் போகாது. எங்கள் சுவரடியில் மண்ணைத் தள்ளிப் பறித்திருந்த வளை பெருச்சாளியின் வளைதான்.

ஆகவே மூவர் சொன்னதையும் சேர்த்து ஒரு முடிவு எடுத்தோம். பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்பா கடையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஆரணியில் பழைய இரும்புக் கடையில் மூடியுள்ள தகர டிரம் இரண்டு வாங்கினார். விதைக்காயை மீண்டும் வெயிலில் உலர்த்தினோம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டுவார். உள்ளே பருப்பு கலகலவென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகளிலிருந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. காயின் ஒலி தெரியும். டிரம்களில் அடங்காத காயை, சுவரிலிருந்து தள்ளிப் பலகைமேல் வைத்தோம். தென்னை மரத்தில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவார்கள் அல்லவா? அதுபோலப் பலகையின் கால்களுக்குத் தம்பி தகரம் சுற்றினான். சுவரோரம் கிடந்த விறகைப் புழக்கடையின் மறுகோடிக்கு மாற்றினோம். வளைகளில் உடைந்த கண்ணாடியைத் திணித்து அப்பா சிமெண்டு பூசினார். மீதிக் காவலைச் சாம்பலிடம் விட்டோம்.

அந்த ஆண்டு மே 24 அன்றே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு மழை வரும் காலம் வேறு. ஆனாலும் மலைமேல் மேகம் கூடியதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. ஆடியில் டிரம்மைத் திறந்தபோது காய் வைத்தபடியே இருந்ததென்று அப்பா விடுதிக்குத் தொலைபேசியில் சொன்னார். பலகைமேல் இருந்த காயும் தப்பிவிட்டது. ஒன்றரை ஏக்கரும் வீட்டு விதையிலேயே விதைத்தார்கள். என் கட்டணமும் குறித்த நாளில் கட்டப்பட்டது.

இந்த எலி மருந்தின் வரலாற்றைப் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும், கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. 1933-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், இறந்த மாட்டையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் நெடுந்தொலைவு ஓட்டி வந்து, பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் காரணம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிய லிங்க் குழுவினரின் உழைப்பிலிருந்தே பின்னாளில் வார்ஃபரின் பிறந்தது. 1948-இல் அது எலி மருந்தாக வந்தது. பிறகு மனிதருக்கு இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்தாகவும் ஆயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டலம் அந்த மரபில் பிந்திய தலைமுறை. ஆய்வகம் விடை தந்தது. ஆனால் கேள்வியைத் தூக்கி வந்தவர் ஒரு விவசாயி.

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். நாம் படித்ததை வீட்டில் சொன்னால் புரியாது என்று ஒதுங்கிவிடுகிறோம். வீட்டில் உள்ளவர்களும் “படிச்ச புள்ள” என்று நம்மிடமிருந்து சற்று விலகியே நிற்கிறார்கள். இடையில் இருக்கும் தூரம் உண்மையில் ஒரு பொட்டலத்தின் பொடி எழுத்து அளவுதான். பூச்சி மருந்து, எலி மருந்துப் பெட்டிகளில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளின்படி அச்சிடுவது அது. எத்தனை வீடுகளில் அதன் பொருள் தெரியும்? அடுத்த விடுமுறையில் அதையேனும் படித்துச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூவண்ணப் பூனை பெட்டையென்பதும், காய்ந்த கடலை காதருகே ஒலிக்கும் என்பதும் நம் பாடநூலில் இல்லாமலிருக்கலாம். ஆனால் அவற்றைத் தெரிந்தவர்கள்தாம் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.